எழுபதாயிரத்துல எந்த கிராபிக்ஸ் கார்டு?

அவசரத்துல இருக்கறவங்களுக்குப் பதிலை முதல்லயே சொல்லிடறேன். 2025 ஆகஸ்ட்ல, திண்டிவனத்துல இருக்கற அக்கா பையனுக்கு கேமிங் கம்ப்யூட்டர் போட்டோம். கையில இருந்தது எழுபதாயிரம். அதுல பாதிக்கு மேல, 36 ஆயிரத்தை ஒட்டி, ஒரே ஒரு பொருளுக்குப் போச்சு: ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 16 ஜிபி. "ஒரு கார்டுல இவ்ளோ காசா?"ன்னு கேட்டவங்களும் உண்டு, "அதே காசுக்கு என்விடியா வந்திருக்குமே"ன்னு கேட்டவங்களும் உண்டு. ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

பையன் இன்ஜினியரிங் முதல் வருஷம். "எல்லாரும் லேப்டாப்தானடா வாங்கித் தராங்க?"ன்னு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. விழுப்புரம் மாவட்டத்துல என் வயசுக்காரங்க பல பேர் முதல்முதலா கேம் ஆடினதே 2011-ல ஆரம்பிச்ச அரசாங்க இலவச லேப்டாப்லதான். வைஸ் சிட்டியும் சான் ஆண்ட்ரியாஸும் அதுல திக்கித் திணறி ஓடும். ஆனா இவன் ஆட நினைக்கறது வேற ரகம். தினமும் ராத்திரி நண்பர்களோட வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2. லீவு விட்டா ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077, பிளாக் மித் வுகாங். இதையெல்லாம் இழுக்கற லேப்டாப்புக்கு எழுபதாயிரம் கொடுத்தா கார்டு மெமரி கம்மியா இருக்கும், சூடு அதிகமா இருக்கும், நாளைக்குக் கார்டை மட்டும் கழட்டி மாத்தவும் முடியாது. அதனால டெஸ்க்டாப்னு முடிவாச்சு.

வேகமா, வருஷமா?

யூடியூப்ல கார்டு விமர்சனம் பார்த்தா முழுக்க பட்டைப் படம்தான். இந்த கேம்ல இந்தக் கார்டு 112 ஃப்ரேம், அந்தக் கார்டு 104 ஃப்ரேம். எட்டு ஃப்ரேமுக்கு அரை மணி நேரம் பேசுவாங்க. பெங்களூர்லயோ சென்னையிலயோ இருக்கற ஆள் ரெண்டு வருஷத்துல பழைய கார்டை வித்துட்டுப் புதுசு மாட்டிக்குவார். அங்க வாங்கறதுக்கும் ஆள் இருக்கு, விக்கறதுக்கும் ஆள் இருக்கு.

நம்ம பக்கத்துல அப்படி இல்லை. ஒரு வீட்டுல கம்ப்யூட்டர் போட்டாச்சுன்னா, தூசி தட்டத் திறக்கறதோட சரி. பையன் படிப்பு முடிய 2029 ஆயிடும். அதுக்கப்புறம் அவன் சம்பாதிச்சு வாங்கினாத்தான் அடுத்த கார்டு. இடையில அக்காகிட்ட போய் "கார்டு பழசாயிடுச்சு, இன்னொரு முப்பதாயிரம் குடு"ன்னு நான் கேட்க முடியுமா? அதனால எந்தக் கார்டு இன்னைக்கு வேகமா ஓடுதுங்கறதை விட, எது நாலு வருஷம் கழிச்சும் ஓடும்ங்கறதுதான் என் கணக்கு.

ஒரு கார்டு எப்படிக் கிழவனாகுது? வேகம் குறைஞ்சு இல்லை. போன வருஷம் ஓடின அதே வேகத்துலதான் இந்த வருஷமும் ஓடுது. புதுசா வர்ற கேம் கேக்கற ஏதோ ஒண்ணு அதுல இல்லாம போறப்போதான் வயசாகுது. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ், ரெண்டுக்குமே ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம். 2017-ல வந்த ஆர்எக்ஸ் 580, 2019-ல வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், ரெண்டும் பழைய கேமை இன்னும் நல்லாவே ஓட்டும். ஆனா இந்த கேம்களுக்கு அதுங்களை வெச்சு வேலைக்காகாது.

இன்னொண்ணு டிரைவர். 2016-ல வந்து நம்ம ஊர் கம்ப்யூட்டர்ல எல்லாம் உட்கார்ந்திருந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வரிசைக்கு, கேம் டிரைவர் 2025 அக்டோபரோட முடிவுன்னு என்விடியா அறிவிச்சுது. ஒன்பது வருஷம், குறை சொல்ல முடியாது. அதே அக்டோபர் கடைசியில ஏஎம்டி, ஆர்எக்ஸ் 5000, 6000 வரிசைகளைப் பராமரிப்பு நிலைக்கு மாத்தறதா சொல்லி, உலகம் பூரா சத்தம் கிளம்பினதும் "புது கேமுக்கான ஆதரவு தொடரும்"னு விளக்கம் கொடுத்துது. 2021-ல வந்த ஆர்எக்ஸ் 6600-ஐ இன்னைக்குப் புதுசா வாங்கறவங்க இதை மனசுல வெச்சுக்கணும். நாம வாங்கற தேதியில இருந்து கார்டோட ஆயுள் ஆரம்பிக்கறது இல்லை, அது சந்தைக்கு வந்த தேதியில இருந்துதான்.

"4 ஜிபி கார்டு போட்டுத் தரேன் தம்பி"

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி உள்ளூர்லயும் விலை கேட்டோம். ஒரு கடையில அண்ணன் ரொம்ப நம்பிக்கையா பேசினார்.

"கேமிங்கா? 4 ஜிபி கார்டு போட்டு 35 ஆயிரத்துல முடிச்சுடலாம் தம்பி. எல்லா கேமும் ஓடும்."

"என்ன கார்டுண்ணே?"

"என்விடியாப்பா."

"மாடல் என்னண்ணே?"

பெட்டியை எடுத்து மேசை மேல வெச்சார். ஜிடி 730. அக்கா பையன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். 2014-ல வந்த கார்டு, உள்ள இருக்கறது டிடிஆர்3 மெமரி. ரைசன் 5 5600ஜி மாதிரி ஒரு பிராசசர்ல கூடவே வர்ற கிராபிக்ஸ் இதை விட நல்லா ஓடும்.

"இது வேணாம்ணே, பார்த்துட்டுச் சொல்றோம்"னு கிளம்பிட்டோம். படம் வரணும், ரெண்டு மானிட்டர் மாட்டணும்னு வர்ற ஆபீஸ்காரங்களுக்கு அந்தக் கார்டு போதும். கேமுக்கு இல்லை. "எத்தனை ஜிபி"ன்னு மட்டும் கேட்டு வாங்காதீங்க, முழு மாடல் பேரைக் கேளுங்கன்னு சொல்றதுக்காகத்தான் இதை எழுதறேன்.

பேர்லயே குழி வெட்டற வேலையைக் கம்பெனிங்களே செய்யறாங்க. ஆர்டிஎக்ஸ் 3050-ன்னு ரெண்டு கார்டு இருக்கு. 2022-ல வந்தது 8 ஜிபி. 2024-ல வந்தது 6 ஜிபி, அதுல கோர்களும் கம்மி, மெமரிப் பாதையும் 128 பிட்டுக்குப் பதிலா 96 பிட். பெட்டியில பெரிய எழுத்துல ரெண்டும் 3050-தான். ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, ரெண்டுமே 8 ஜிபியிலயும் வருது, 16 ஜிபியிலயும் வருது. பழைய மார்க்கெட்ல ஆர்எக்ஸ் 580-ன்னு சொல்லி 2048எஸ்பி-ன்னு வால் ஒட்டின குறைஞ்ச வகையைத் தள்ளிவிடுவாங்க.

டாலரை நூறால பெருக்குங்க

கடைக்காரர் சொல்ற விலை நியாயமான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? நான் வெச்சிருக்கற சூத்திரம் எளிசு. அமெரிக்காவுல அறிவிச்ச விலையை நூறால பெருக்குங்க, இங்க வர வேண்டிய ரூபாய் விலை கிடைச்சுடும்.

காரணம் இருக்கு. அங்க சொல்ற விலையில வரி கிடையாது. இங்க கிராபிக்ஸ் கார்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. டாலர் 85 ரூபாயா இருந்தப்போ, 85-ஐ 1.18-ஆல பெருக்கினா நூத்துச் சொச்சம். 299 டாலர் கார்டு இங்க முப்பதாயிரத்தை ஒட்டி. 249 டாலர்னா இருபத்தஞ்சாயிரம். அதுக்கு மேல ரெண்டு மூணாயிரம் சொன்னா, மூணு ஃபேன், கலர் லைட்டு, பிராண்டு பேர் இதுக்கெல்லாம் சேர்த்துக் கேக்கறாங்கன்னு அர்த்தம். அஞ்சாயிரம் கூடச் சொன்னா அடுத்த கடைக்கு நடங்க. ரொம்பக் கீழ இறங்கியிருந்தா, பழைய சரக்கா, பில்லு தருவாங்களான்னு கேளுங்க. ரூபாய் இறங்க இறங்க, நூறுங்கறதை நூத்தஞ்சா மாத்திக்கணும்.

களத்துல இருந்தது யார் யார்

ஆகஸ்ட்ல நாங்க அலசின கார்டுங்க இதுதான்.

ஆர்எக்ஸ் 6600: எல்லாத்துலயும் விலை கம்மி, இருபதாயிரத்தை ஒட்டி. 132 வாட்டுதான் குடிக்கும். 1080பி-க்கு இன்னைக்கும் நல்ல கார்டு. ஐம்பதாயிரத்துக்குள்ள மொத்தக் கம்ப்யூட்டரையும் முடிக்கணும்னா இதுதான் என் பதில். ஆனா வயசைப் பத்தித்தான் மேல சொல்லிட்டேனே.

இன்டெல் ஆர்க் பி580: 2024 டிசம்பர்ல 249 டாலருக்கு வந்தப்போ எல்லாரும் கைதட்டினாங்க. அந்த விலைக்கு 12 ஜிபி யாரும் தரலை. ஆனா 2025 ஜனவரியில ஒரு விஷயம் வெளிய வந்துச்சு. விலை உயர்ந்த பிராசசரோட சோதிச்சப்போ பறந்த கார்டு, ரைசன் 5 5600 மாதிரி சாதாரண பிராசசரோட பல கேம்ல கணிசமா இறங்கிடுது. அதோட டிரைவர் பிராசசர் மேல அதிக வேலையை ஏத்துது. நாங்க போடப்போறதே 5600-தான். மலிவான கார்டுக்குக் காஸ்ட்லியான பிராசசர்னா பட்ஜெட் எங்க நிக்கும்? விட்டுட்டோம்.

ஆர்டிஎக்ஸ் 5050: 2025 ஜூலையில வந்தது, 249 டாலர், 8 ஜிபி. இன்னும் அஞ்சாயிரம் சேர்த்தா 5060 வந்துடும்ங்கற தூரத்துல இதை வாங்கறதுக்குக் காரணமே கிடைக்கலை.

ஆர்டிஎக்ஸ் 5060: 2025 மே, 299 டாலர், 8 ஜிபி, 145 வாட். வேகத்துல குறை சொல்ல ஒண்ணும் இல்லை. டிஎல்எஸ்எஸ் நல்லா இருக்கு. அக்கா பையனோட முதல் ஆசை இதுதான்.

ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி: 2025 ஜூன். 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர். 16 ஜிபி கார்டு 160 வாட், ஒரே ஒரு 8 பின் கனெக்டர் போதும்.

செகண்ட் ஹேண்டையும் பார்க்காம விடலை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் மைனிங் நின்னதுக்கு அப்புறம், மாசக்கணக்கா ராப்பகலா ஓடின கார்டுங்க உலகம் பூரா சந்தைக்கு வந்துச்சு. அதுல நல்லதும் இருக்கு. ஆனா வாரண்டி இல்லாம, விக்கறவர் வீட்டுல அரை மணி நேரம் ஃபர்மார்க் ஓட்டிப் பார்த்து, ஜிபியூ-இசட்ல உண்மையான மாடல்தானான்னு சரிபார்த்து, ஃபேன் சத்தம் கேட்டு வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான் அது. நாலு வருஷக் கணக்குக்கு ஒத்துவராது.

கடைசியா நின்னது 5060-ம் 16 ஜிபி 9060 எக்ஸ்டியும். வித்தியாசம் ஆறாயிரத்தைத் தொட்டுது.

எட்டா, பதினாறா

"மாமா, 1080பி மானிட்டருக்கு எட்டு ஜிபி போதும்னு எல்லாரும் சொல்றாங்களே?"ன்னு பையன் கேட்டான்.

இன்னைக்குப் பெரும்பாலான கேமுக்குப் போதும்தான். வாலரண்டுக்கு இதுல பாதி கூடத் தேவையில்லை. பிரச்சினை எட்டு ஜிபி நிரம்பி வழியறப்போ ஆரம்பிக்குது. சுவரு, தரை, முகம், துணின்னு கேம்ல கண்ணுல படற எல்லாப் பரப்புக்கும் உள்ள படம் கார்டோட சொந்த மெமரியில உட்காரணும். 5060-ல அந்த மெமரிக்கும் சிப்புக்கும் நடுவுல நொடிக்கு 448 ஜிபி போகும். இடம் பத்தலைன்னா மிச்சத்தை மதர்போர்டு ராம்ல வெச்சு, ஸ்லாட் வழியா எடுத்துட்டு வரும். அந்த வழியில, பிசிஐஇ 4.0 மதர்போர்டுல எட்டு லேன் கார்டுக்கு நொடிக்கு 16 ஜிபிதான். பழைய பி450 போர்டுல மாட்டினா பிசிஐஇ 3.0, அதனால 8 ஜிபி. 448 எங்க, 8 எங்க? அந்த இடத்துலதான் நல்லா ஓடிட்டிருந்த கேம் திடீர்னு நின்னு நின்னு போகும், சில கேம்ல சுவரெல்லாம் களிமண்ணு பூசின மாதிரி மங்கிப்போகும். சராசரி ஃப்ரேம் கணக்குல இந்தத் திக்கல் தெரியவே தெரியாது.

9060 எக்ஸ்டியில வேகம் நொடிக்கு 320 ஜிபிதான், 5060-ஐ விடக் கம்மி. ஆனா இடம் ரெட்டிப்பு, ஸ்லாட்லயும் முழுசா 16 லேன். 2020-ல வந்த பிளேஸ்டேஷன் 5-லயே மொத்தம் 16 ஜிபி மெமரி இருக்கு. பெரிய கேம் கம்பெனிங்க அதை மனசுல வெச்சுத்தான் கேமைச் செதுக்கறாங்க. 2028-ல வர்ற கேம் எட்டு ஜிபிக்காக இறங்கி வரும்னு நான் நம்பலை.

என்விடியா பக்கமும் நியாயம் உண்டு. ஏஐ வேலைக்கெல்லாம் உதவற, என்விடியா கார்டுக்கே உரிய மென்பொருள் சியூடிஏ. "இன்ஜினியரிங் படிக்கறான், ஏஐ எல்லாம் படிக்கணுமாம், அதுக்கு என்விடியாதான் வேணுமாம்"னு அக்காவே எங்கிட்ட சொன்னாங்க. யார் சொல்லிக் கொடுத்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். மெஷின் லேர்னிங், பிளெண்டர்ல ரெண்டர், இதுல தினமும் கை வெக்கற பையனுக்கு என்விடியாதான் சரி. ஏஎம்டியில அதுக்கு ஈடா ராக்எம் இருக்கு, ஆனா அதை அமைக்க நிறையப் பொறுமை வேணும். இவன் முதல் வருஷம். பாடத்துக்கு வேண்டியதை கூகுள் கோலாப்ல இலவசமாவே ஓட்டிக்கலாம். மூணாவது வருஷத்துல நிஜமாவே அந்தப் பக்கம் போனான்னா, அப்போ எட்டு ஜிபி கார்டும் அவனுக்குப் பத்தாது.

ஃப்ரேம் ஜெனரேஷன் பத்தியும் ஒரு வார்த்தை. 2025 ஜனவரியில என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில, 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ல 4090-ஓட திறன் கிடைக்கும்னு சொன்னார். நடுவுல ஏஐ வரைஞ்சு சேர்க்கற ஃப்ரேமையும் எண்ணினா வர்ற கணக்கு அது. படம் வழவழன்னு தெரியும், ஆனா மவுஸை அசைச்சதும் துப்பாக்கி திரும்பற நேரம் அதனால குறையாது. 30 ஃப்ரேம் ஓடற கேமை அதை வெச்சு 100-ஆ காட்டினாலும் கைக்கு 30 மாதிரிதான் இருக்கும். பெட்டியில போட்டிருக்கற பெரிய நம்பரைப் பார்த்து வாங்காதீங்க.

ஆறாயிரம் எங்கிருந்து வந்துச்சு

மானிட்டர்ல இருந்து. எங்க வீட்டுல சும்மா இருந்த 1080பி மானிட்டரைத் திண்டிவனத்துக்குத் தூக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டேன். எட்டாயிரம் மிச்சம். மானிட்டரைப் பின்னாடி எப்போ வேணா மாத்தலாம், கார்டோட மெமரியை யாராலயும் ஏத்த முடியாது.

மிச்சக் கணக்கு ஏறக்குறைய இப்படி: ரைசன் 5 5600 ஒன்பதாயிரத்துச் சொச்சம், பி550 போர்டு எட்டாயிரம், 16 ஜிபி ராம் நாலாயிரம், 500 ஜிபி எஸ்எஸ்டி மூணாயிரம், 550 வாட் எஸ்எம்பிஎஸ் நாலரை, கேபினட் மூணாயிரம், கீபோர்டு மவுஸ் ஆயிரம். பிராசசரோட வர்ற கூலரே போதும், தனியா வாங்கலை. பையன் கேட்ட கலர் லைட் கேபினட்டுக்கும் இடம் இல்லை.

மானிட்டரும் புதுசா வாங்கணும்னா எழுபதாயிரத்துல இந்தக் கார்டு நுழையாது. அப்போ 5060 எடுங்க, இல்லைன்னா 6600 எடுத்துட்டு மிச்சத்தை எடுத்து வைங்க. எஸ்எம்பிஎஸ்ல மட்டும் பிச்சுக் கார்டுல போடாதீங்க.

கரண்ட், எர்த், வெயில்

ஏன் எஸ்எம்பிஎஸ்ல கை வெக்கக் கூடாதுன்னா, நம்ம ஊர்க் கரண்டைப் பார்த்திருக்கீங்கல்ல? கோடைச் சாயங்காலம் ஃபேனே சோம்பலா சுத்தும். கேபினட்டோட சேர்த்துத் தர்ற ஆயிரம் ரூபாய் எஸ்எம்பிஎஸ், ஸ்டிக்கர்ல 500 வாட்னு போட்டிருந்தாலும் அந்தப் பாரத்தைத் தாங்காது. போகும்போது கூடவே கார்டையும் போர்டையும் கூட்டிட்டுப் போகும். பின்னாடி ஸ்டிக்கரைப் படிங்க. உள்ள வர்ற வோல்டேஜ் 100-ல இருந்து 240 வரைக்கும்னு இருக்கணும், 200-240 மட்டும் போட்டிருந்தா வேணாம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை மின்சாரச் சிக்கனத்துக்குத்தான், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. வாரண்டி அஞ்சு வருஷமான்னு பாருங்க. கம்பெனிக்கே தன் பொருள் மேல எவ்ளோ நம்பிக்கை இருக்குன்னு அதுல தெரிஞ்சுடும்.

அடுத்தது எர்த். அக்கா வீட்டுல பழைய சுவிட்ச் போர்டு. கம்ப்யூட்டரை மாட்டினதும் பையன் கேபினட் ஓரத்தைத் தொட்டு, "மாமா, சுருசுருங்குது"ன்னு கையை எடுத்தான். டெஸ்டரை வெச்சா லைட் எரியுது. அந்த பிளக்ல எர்த் வயரே வரலை. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தா ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் 230, ஃபேசுக்கும் எர்த்துக்கும் ஒண்ணுமே இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூட்டி எர்த் இழுத்து, ஃபேசுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள வந்த பிறகுதான் விண்டோஸே போட்டோம். மூணு முள்ளு பிளக்கை ரெண்டு முள்ளா மாத்தற கன்வெர்ட்டர் உங்க வீட்டுல இருந்தா இன்னைக்கே தூக்கிப் போடுங்க.

யூபிஎஸ் 600 விஏ எடுத்தா 360 வாட் தரும். கேம் ஓடறப்போ எங்க மொத்த இழுப்பு 280 வாட்டை ஒட்டித்தான். கரண்ட் போனா சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும், ஆடறதுக்குக் கிடைக்காது.

அக்காவோட பயம் பில்லு. அவங்க முன்னாடியே கணக்குப் போட்டுக் காட்டினேன். 280 வாட், ஒரு நாளைக்கு மூணு மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 180 மணி நேரம். வர்றது 50 யூனிட். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னா, அதுல சரிபாதியை இவன் ஆடியே தீர்ப்பான். "மூணு மணி நேரம்தானே? எழுதி வெச்சுக்கறேன்"னாங்க அக்கா. 5060-க்கும் இதுக்கும் 15 வாட்தான் வித்தியாசம், ரெண்டு மாசத்துக்கு மூணு யூனிட் கூட வராது.

வெயிலும் ஒரு கணக்குத்தான். ரூமே 38 டிகிரின்னா கார்டு குளிர்ச்சியா இருக்க வழியில்லை. முன்பக்கம் கண்ணாடி மூடின கேபினட் வேணாம், ஜாலி வெச்சது எடுங்க. ஹைவே பக்கத்து வீடுன்னா தூசி சீக்கிரம் அடையும், அப்பப்போ புளோயர் அடிங்க. அடிக்கறப்போ கார்டு ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கோங்க. கேபினட்டைத் தரையில வெக்காதீங்க. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் கரை கடந்தப்போ திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்துல ஒரே நாள்ல சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரத்துல எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சுன்னு நமக்கே தெரியும்.

எங்க வாங்கறது

"பாண்டிக்குப் போனா விலை குறையும்டா"ன்னு பெரியவங்க இன்னமும் சொல்லுவாங்க. ஒரு காலத்துல வரி கம்மிங்கறதால அது உண்மை. 2017 ஜூலை 1-ல ஜிஎஸ்டி வந்த பிறகு பாண்டியிலயும் திண்டிவனத்துலயும் சென்னையிலயும் அதே 18 சதவீதம்தான். இப்போ விலை வித்தியாசம் வர்றது கடைக்காரர் எவ்ளோ சரக்கு எடுக்கறார்ங்கறதுலதான்.

சரக்கு அதிகம் புழங்கற இடம் ரிச்சி ஸ்ட்ரீட். நாங்க கார்டு, போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் எல்லாம் அங்கதான் வாங்கினோம். ட்ரெயின்ல போறது வசதி. பஸ்ஸுன்னா இப்போ கிளாம்பாக்கத்தோட இறக்கிவிட்டுடுவாங்க, அங்கிருந்து அண்ணா சாலைக்கு இன்னொரு பயணம். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடை லீவு. முதல் கடையிலயே வாங்காதீங்க. விலையை ஒரு தாள்ல எழுதித் தரச் சொல்லி, நாலு கடை ஏறி இறங்குங்க. கேபினட், கீபோர்டு, யூபிஎஸ் மாதிரி எடை தூக்கற சாமானை உள்ளூர்லயே வாங்கலாம், சென்னையில வாங்கி மிச்சமாகற காசு ஆட்டோவுக்கே போயிடும்.

ஆன்லைன்ல விலை நல்லா இருந்தா அதுவும் சரிதான். பெட்டியைப் பிரிக்கறப்போ வெட்டாம வீடியோ எடுத்து வைங்க, விக்கறவர் யாருன்னு பாருங்க.

எங்க வாங்கினாலும் வாரண்டியை முதல்ல கேளுங்க. கார்டுக்குப் பெரும்பாலும் மூணு வருஷம். சில பிராண்டுல ஆன்லைன்ல பதிவு பண்ணினா கூடக் கிடைக்கும். சர்வீஸ் சென்டர் சென்னையில இருக்கா, கூரியர்ல அனுப்பினா எடுத்துப்பாங்களான்னு கேளுங்க. திண்டிவனத்துல இருந்து சென்னை 120 கிலோமீட்டர். ஆயிரம் ரூபாய் மிச்சம்னு சர்வீஸே இல்லாத பிராண்டை எடுத்தா, அந்த ஆயிரத்தை அலைஞ்சே தீர்த்துடுவீங்க.

இப்போ வாங்கறவங்களுக்கு

மேல சொன்ன விலையெல்லாம் 2025 ஆகஸ்ட் மாச விலை. அதுக்கப்புறம் ராம் விலை ஏறின ஏத்தம் உங்களுக்கே தெரியும். நாலாயிரத்துக்கு வாங்கின ராம் ரெட்டிப்புக்கு மேல போயிடுச்சு. ஏஐ டேட்டா சென்டருங்க மெமரியை மொத்தமா அள்ளிட்டுப் போறதுதான் காரணம். 2025 டிசம்பர்ல மைக்ரான் கம்பெனி, நாம கடையில வாங்கற குரூஷியல் வியாபாரத்தையே மூடறோம்னு அறிவிச்சுடுச்சு. கார்டுக்குள்ள இருக்கற மெமரியும் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் செய்யறதுதான். அதனால விலை ஏறறப்போ முதல்ல அடி வாங்கறது 16 ஜிபி கார்டுதான்.

அப்போ என்ன பண்றது? பழைய கம்ப்யூட்டர்ல டிடிஆர்4 ராம் இருந்தா, அதுக்கேத்த போர்டா பார்த்து அதையே எடுத்துப் போடுங்க. எட்டு ஜிபிக்கும் பதினாறு ஜிபிக்கும் நடுவுல விலை பத்தாயிரத்தைத் தாண்டிடுச்சுன்னா, எட்டு ஜிபி எடுத்துட்டு கேம் செட்டிங்ல டெக்ஸ்ச்சரை மட்டும் ஒரு படி இறக்கிக்கோங்க. வாலரண்டும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் மட்டும்தான் ஆடறோம்னா இந்தச் சண்டையே உங்களுக்கு வேணாம், 6600 போதும். நாலு வருஷத்துக்கு வேற காசு வராது, பெரிய கேமும் ஆடணும்னா மட்டும் பதினாறுக்குப் போங்க.

எதை எடுத்தாலும், பில்லுல முழு மாடல் பேரு, மெமரி எத்தனை ஜிபி, கார்டோட சீரியல் நம்பர் மூணும் எழுதியிருக்கான்னு பெட்டியோட ஒப்பிட்டுப் பார்த்துட்டுக் காசைக் கொடுங்க.